மில்னரின் கால்: போரின் வடு துப்பறியும் தொடருக்குள் என்ன செய்கிறது?

கேள்வி: "'ஃபாயில்ஸ் வார்' பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் கதையிலேயே ஒரு போலீஸ்காரர் போரில் காலை இழந்து மருத்துவமனையில் கிடக்கிறார். போரில் அடிபட்ட துப்பறிவாளர் இப்போது ஏகப்பட்ட தொடர்களில் வருகிறார். இது பாத்திரத்துக்கு உண்மையிலேயே ஆழம் தருகிறதா, இல்லை நம் இரக்கத்தைச் சம்பாதிக்கும் சுலபமான வழியா?"

இரண்டும் நடக்கிறது. பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அந்தக் காயத்தைக் கதையிலிருந்து உருவிவிட்டால் துப்பறிதல் மாறுமா? அவர் யாரை நம்புகிறார், எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறார், குற்றவாளியைப் பிடித்த அன்று இரவு எப்படித் தூங்குகிறார்? எதுவுமே மாறாது என்றால் அந்தக் காயம் முகத்தில் பூசிய ஒப்பனைதான். நள்ளிரவில் வியர்த்து எழுவார், கதவு அறைந்தால் நடுங்குவார், மேசை இழுப்பறையில் விஸ்கி வைத்திருப்பார்; மறுநாள் காலை எந்தப் பாதிப்பும் இல்லாமல் துல்லியமாகத் துப்புத் துலக்குவார். அப்படிப்பட்ட தொடர்கள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றி உங்களுக்கு வந்த சலிப்பு நியாயமானது.

ஆனால் நீங்கள் கையில் எடுத்திருப்பது அந்த வகை இல்லை. நீங்கள் தொடக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்பதால் கொலையாளி யார் என்பதை எங்கேயும் சொல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

அந்தோனி ஹோரோவிட்ஸ் உருவாக்கி, பிரிட்டிஷ் தொலைக்காட்சியான ஐடிவி 2002இல் ஒளிபரப்பத் தொடங்கிய தொடர் இது. 2015 வரை 28 கதைகள் வந்தன. இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் நகரம், 1940 மே மாதம். அந்த ஊரின் போலீஸ் தலைமை அதிகாரி ஃபாயில்தான் தொடரின் துப்பறிவாளர். ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஜெர்மானியப் படை வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் போலீஸ் சார்ஜென்ட் பால் மில்னர் நார்வேயிலிருந்து ஒரு காலை இழந்து திரும்புகிறார்.

நார்வே என்ற இடத்தைக் கவனியுங்கள். 1940 ஏப்ரலில் ட்ரோண்ட்ஹெய்ம் நகரை மீட்கப் பிரிட்டிஷ் படைகள் நார்வேயில் இறங்கின. விமானப் பாதுகாப்பு போதவில்லை, திட்டம் குழப்பமானது, சில வாரங்களிலேயே அந்தப் பகுதியைக் கைவிட்டுக் கப்பலேறின. அடுத்த மாதமே பிரான்ஸின் கடற்கரையில் டன்கர்க் வந்தது. அதுவும் பின்வாங்கல்தான். ஆனால் 3,38,000 பேரைக் கடல்வழியே மீட்டதால் அது ஒரு வீரக்கதை ஆகிவிட்டது. நார்வேக்கு அப்படி ஒரு கதைகூட மிஞ்சவில்லை. மில்னர் காலைக் கொடுத்தது யாரும் பெருமையாகப் பேச விரும்பாத ஒரு போரில். 'எதற்காக?' என்று அவர் கேட்டால் ஊரிடம் பதில் இல்லை. கால் போனது ஒரு இழப்பு. பதில் இல்லாதது இன்னொன்று. கதை நகர்வது இரண்டாவதன் மேல்தான்.

அடுத்த கதைகளில் ஒன்றான 'தி ஒயிட் ஃபெதர்'இல் இது தெரியும். முதல் உலகப் போரின்போது சீருடை அணியாத ஆண்களுக்குப் பெண்கள் வெள்ளை இறகைக் கொடுத்துக் கோழை என்று அவமானப்படுத்திய வழக்கம் பிரிட்டனில் இருந்தது. தலைப்பு அதிலிருந்து வந்தது. இதில் கை ஸ்பென்சர் என்ற நயமான மனிதரை மில்னர் சந்திக்கிறார். இந்தப் போரே தவறு, ஜெர்மனியோடு சமாதானமாகப் போயிருக்கலாம் என்று பேசுபவர் அவர். அந்தப் பேச்சுக்கு அடியில் இருப்பது நாஜி அனுதாபமும் யூத வெறுப்பும். மில்னர் அதைக் காதுகொடுத்துக் கேட்கிறார். கெட்டவர் என்பதாலோ அறிவில்லாததாலோ கேட்கவில்லை. உன் கால் வீணாகப் போனது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் ஸ்பென்சர்தான். மற்றவர்கள் எல்லாரும் பேச்சை மாற்றினார்கள்.

எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அடிபட்டவர் நல்லவராகிவிடுகிறார் என்று அது சொல்லவில்லை. வலி மனிதரைத் தனிமைப்படுத்தும், தனிமையில் இருப்பவரை யார் வேண்டுமானாலும் வந்து அழைத்துப்போகலாம். 1918க்குப் பிந்தைய ஐரோப்பாவில் எத்தனையோ முன்னாள் வீரர்கள் போன பாதை அது. அதை ஒரு அன்பான, நேர்மையான போலீஸ்காரரிடம் வைத்துக் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். விசாரணையும் அதனால் மாறுகிறது. துப்பறியும் குழுவில் ஒருவரே சந்தேகத்துக்கு உரியவர்களின் பக்கம் சாய்ந்து நிற்கும்போது, ஃபாயில் வழக்கை மட்டும் பார்த்தால் போதாது, தன் ஆளையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மில்னரின் மனைவி ஜேனையும் சேர்த்தே பாருங்கள். செயற்கைக் காலைப் பார்க்கவே அவளால் முடியவில்லை. அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அவள் மேலும் பரிவு உண்டு, அவள் எதிர்பார்த்த வாழ்க்கையும் நார்வேயில்தான் போனது. இந்தத் தொடரில் துப்பாக்கியைத் தொடாதவர்களும் போரில் அடிபட்டவர்கள்தான்.

இப்போது கண்ணுக்குத் தெரியாத காயத்துக்கு வருகிறேன்.

நம்மிடம் விழுப்புண், புறப்புண் என்று இரண்டு சொற்கள் உண்டு. மார்பில் பட்டால் பெருமை, முதுகில் பட்டால் நாணம். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனைப் புறநானூறு பாடுகிறது. மனத்தில் படும் புண்ணுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நவீனப் படைகளுக்கு அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. பெரும்பாலும் புறப்புண் கணக்கில் எழுதிவிட்டன. 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' மருத்துவ இதழில், போர் அதிர்ச்சியில் மனம் உடைவதைக் குறிக்கும் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை அச்சேற்றினார். ஆனாலும் முதல் உலகப் போரில் தப்பியோடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற தன் சொந்த வீரர்களில் 306 பேருக்கு மன்னிப்பு கிடைக்க 2006 ஆக வேண்டியிருந்தது. அவர்களில் பலர் மனம் உடைந்தவர்கள் என்பதில் இன்று பெரிய சந்தேகம் இல்லை. இரண்டாம் போரில் அந்தத் தண்டனை இல்லை. பதிலாக விமானப்படை ஒரு முத்திரை வைத்திருந்தது. தொடர்ந்து பறக்க முடியாமல் போன விமானியின் கோப்பில் 'மன உறுதிக் குறைவு' என்று எழுதப்படும். பதவி போகும், சட்டையில் இருக்கும் சிறகுச் சின்னமும் போகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 'எனிமி ஃபயர்' பாருங்கள். ஃபாயிலின் மகன் ஆண்ட்ரூ ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் விமானி. முதல் கதைகளில் சிரித்த முகமும் சின்னக் கர்வமுமாக வருவான். 1941 தொடக்கத்தில் நடக்கும் இந்தக் கதைக்கு வரும்போது அவன் தேய்ந்துபோயிருக்கிறான். ஓய்வில்லாத பறத்தல், ஒவ்வொருவராகத் திரும்பி வராமல் போகும் நண்பர்கள். ஒருநாள் அனுமதி இல்லாமல் முகாமை விட்டு வெளியேறிவிடுகிறான். ஒளிந்துகொள்வது அவன் அப்பாவின் ஓட்டுநரான சாம் தங்கியிருக்கும் இடத்தில். அப்பா அந்த ஊரின் போலீஸ் தலைமை அதிகாரி. படையை விட்டு ஓடியவனைப் பிடித்து ஒப்படைப்பது அவருடைய கடமை.

இந்த முடிச்சில் பெரிய சொற்பொழிவோ கண்ணீர்க் காட்சியோ வைக்க வாய்ப்பு இருந்தும் வைக்கவில்லை. இத்தனை நாள் அடுத்தவர்களின் பொய்யை நிதானமாக அவிழ்த்த மனிதர் தன் மகனின் நிலையைக் காணத் தவறியிருக்கிறார், அல்லது கண்டும் பேசாமல் இருந்திருக்கிறார். ஃபாயில் தானும் முதல் உலகப் போரில் இருந்தவர் என்பதால் இது இன்னும் கனக்கிறது. அவருக்கு அந்தச் சோர்வு என்னவென்று தெரியும். தெரிந்ததாலேயே அவரால் அதற்குப் பெயர் வைக்க முடியவில்லை.

அதே கதையில் தீக்காயம் பட்ட விமானிகளுக்கான மருத்துவமனை ஒன்று வருகிறது. ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவை மருத்துவர் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரில் நடத்திய சிகிச்சைப் பிரிவைத் தெரிந்தவர்களுக்கு அதன் சாயல் உடனே புரியும். பெட்ரோல் தீயில் முகமும் கைகளும் கருகிய இளைஞர்களுக்கு அவர் புது முகம் அமைத்துக் கொடுத்தார். சிகிச்சை பெற்றவர்கள் 1941இல் 'கினி பிக் கிளப்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள், போர் முடியும்போது அதில் 649 பேர் இருந்தார்கள். மெக்கிண்டோ ஊர்மக்களையும் தயார்படுத்தினார். தெருவில் இவர்களைக் கண்டால் இயல்பாகப் பேசுங்கள் என்றார். அந்த ஊருக்கு 'உற்றுப் பார்க்காத ஊர்' என்ற பெயரே வந்தது. ஜேனால் முடியாததை ஒரு ஊரே சேர்ந்து பழகியிருக்கிறது. அந்த மருத்துவமனையில் ஆண்ட்ரூவை நிறுத்தும்போது கதை கேட்கும் கேள்வி கூர்மையானது: முகம் எரிந்தவனுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறோம், உள்ளே எரிந்தவனுக்கு என்ன வைத்திருக்கிறோம்?

ஃபாயில் என்ற மனிதரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைக்கேல் கிச்சன் அவரை ஏறக்குறைய வாய்மூடியே நடித்திருக்கிறார். எழுதிய வசனத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று கிச்சனே கேட்பார் என்று ஹோரோவிட்ஸ் சொல்லியிருக்கிறார். ஒரு தலையசைப்பு, உதட்டின் ஓரம் சற்றே இழுபடுவது, தொப்பியைக் கையில் வாங்கிக்கொள்வது. அகழிக்குள் இருந்து திரும்பிய அந்தத் தலைமுறை ஆண்கள் வீட்டில் எதையும் சொல்லவில்லை என்று அவர்களின் பிள்ளைகள் எழுதியதை நிறையப் படிக்கிறோம். ஃபாயிலின் மௌனம் அந்த மௌனம். அவருக்கு ஒரு ஃப்ளாஷ்பேக்கூடத் தேவைப்படவில்லை.

அவருடைய பிடிவாதமும் அங்கிருந்துதான் வருகிறது. தொடர் முழுக்க யாராவது ஒருவர், படையதிகாரியோ உளவுத்துறைக்காரரோ, அவரிடம் வந்து இதையே சொல்வார்: ஆயிரக்கணக்கானோர் சாகும்போது ஒரு கொலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, இவர் போருக்குத் தேவையான ஆள், விட்டுவிடுங்கள். ஆயிரம் பேர் ஒரே காலையில் சாவதைப் பார்க்காத ஒருவர் இதை மறுத்தால் அது வெறும் சட்டப் பேச்சு. பார்த்தவர் மறுக்கும்போது அதற்கு வேறு எடை. சாவு எண்ணிக்கையாக மாறிவிட்டால் என்ன ஆகும் என்று ஃபாயிலுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால்தான் பெயர் உள்ள ஒரே ஒரு பிணத்தை அவர் விடமாட்டேன் என்கிறார். அவரிடமிருந்து முதல் போரை எடுத்துவிட்டால் இந்தப் பிடிவாதம் விதிமுறை பேசும் அதிகாரியின் விறைப்பாகச் சுருங்கிவிடும்.

மற்றக் கதை வகைகளைவிடத் துப்பறியும் கதைக்குள் போரின் வடு இவ்வளவு ஆழமாக இறங்குவதற்குக் காரணம் அந்த வடிவத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். துப்பறிபவரின் வேலை என்ன? சிதறிக்கிடக்கும் ஒரு கடந்தகாலத்தை வரிசைப்படுத்துவது. யார் எப்போது எங்கே இருந்தார், விளக்கு எப்போது அணைந்தது, முதலில் கேட்டது எந்தச் சத்தம். மனவடு உள்ளவரால் தன் விஷயத்தில் செய்ய முடியாத ஒரே வேலை அதுதான். அவருடைய நினைவு வரிசையாக வராது. வாசனையாக, ஒரு சத்தமாக, உடம்பின் நடுக்கமாகத் துண்டு துண்டாக வரும். தொடக்கமும் முடிவும் இருக்காது. ஊராரின் நேற்றைக் கோத்துக் கொடுப்பவரால் தன் நேற்றைக் கோக்க முடியவில்லை. எழுத்தாளர் இந்த முரணை உணர்ந்து எழுதினால் ஒவ்வொரு விசாரணைக் காட்சியும் இரட்டை அர்த்தம் கொள்கிறது.

இதை உடம்பிலேயே எழுதிக் காட்டிய தொடர் 'பேபிலோன் பெர்லின்'. 2017இல் வரத் தொடங்கிய ஜெர்மன் தொடர், ஃபோல்கர் குட்ஷரின் நாவல்களிலிருந்து எடுத்தது. 1929, பெர்லின். கொலோனிலிருந்து வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் கெரியோன் ராத்துக்கு முதல் உலகப் போரின் நடுக்கம் விடவில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் மருந்தை வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் குடிக்கிறார். ஜெர்மனியில் இவர்களுக்குத் தனிப் பெயரே இருந்தது, 'போர் நடுக்கக்காரர்கள்' என்று. 1916இல் ஃபிரிட்ஸ் காஃப்மன் என்ற மருத்துவர் பரப்பிய சிகிச்சையில் மின் அதிர்ச்சியும் அதட்டலான ராணுவக் கட்டளையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. நடுக்கத்தை விரட்டி மறுபடி வேலைக்கு அனுப்புவது நோக்கம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு காவல் அதிகாரியின் கை நடுங்குவது வெளியே தெரிந்தால் அவர் வேலை முடிந்தது.

ஆக, மற்றவர்களின் ரகசியங்களைத் தோண்டும் ராத் தானே ஒரு ரகசியத்தைச் சுமக்கிறார். அதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அவர் மேல் பிடி கிடைக்கிறது. காவல் துறையில் எழுத்து வேலை பார்க்கும் சார்லட் ரிட்டரோடு அவருக்கு ஏற்படும் பிணைப்பும் அவர் நடுக்கத்தில் சுருண்டு விழுந்த நேரத்தில் அவள் உதவியதிலிருந்துதான் வலுப்பெறுகிறது. அதற்கும் அடியில் இன்னொன்று: போர்க்களத்தில் விட்டுவந்த அண்ணன் ஆனோ. அந்த அண்ணனின் மனைவியைத்தான் ராத் நேசிக்கிறார். அச்சத்தோடு குற்ற உணர்வும் பின்னிக்கிடக்கிறது. மனவடு பற்றிப் பேசும்போது நமக்கு நேர்ந்ததை மட்டும் பேசுகிறோம், நாம் செய்ததை அல்லது செய்யாமல் விட்டதை மறந்துவிடுகிறோம். ராத்தின் கதை அந்த இரண்டாவதைத் தொடுகிறது. நடிகர் ஃபோல்கர் புரூக் அதை அடக்கமாகச் செய்திருக்கிறார்.

இந்தக் குற்ற உணர்வுக்குத் துப்பறியும் இலக்கியத்தில் பழைய வேர் உண்டு. டொரொத்தி எல். சேயர்ஸ் 1923இல் அறிமுகப்படுத்திய லார்ட் பீட்டர் விம்சி முதல் நாவலிலேயே, கொலையாளி யார் என்று புரிந்த இரவில் ஷெல் ஷாக் திரும்பி வந்து நிலைகுலைகிறார். போரில் அவருடைய சார்ஜென்டாக இருந்து இப்போது பணியாளராக இருக்கும் பன்டர்தான் அவரைத் தேற்றுகிறார். பிரிட்டனில் அன்று கொலைக்குத் தண்டனை தூக்கு. கண்டுபிடிப்பது என்றால் ஒருவரைச் சாவுக்கு அனுப்புவது. ஆட்களைச் சாவுக்கு அனுப்பிய ஒரு முன்னாள் அதிகாரிக்கு அது மறுபடியும் கட்டளை கொடுப்பதுபோல. வெற்றி பெறும் கணத்தில் உடைந்துபோகும் துப்பறிவாளர்! நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியதை இன்றைய தொடர்கள் பலவும் இன்னும் எட்டவில்லை.

'ஷெர்லாக்' வேறு விதமாக என்னைக் கவர்ந்தது. கோனன் டாயிலின் மூலக்கதையில் வாட்சன் 1880இல் ஆப்கானிஸ்தானில் நடந்த மைவாண்ட் போரில் காயப்பட்ட ராணுவ மருத்துவர். 2010இல் பிபிசி கதையை இன்றைக்குக் கொண்டுவந்தபோது நாட்டை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை, பிரிட்டன் மறுபடியும் ஆப்கானிஸ்தானில் இருந்தது. தொடங்குவதே வாட்சனின் கெட்ட கனவில்தான். உடல் காரணம் இல்லாத நொண்டல், கையில் நடுக்கம், எழுத எதுவும் இல்லாத வலைப்பதிவு. போர் அவரைத் துரத்துகிறது என்று மனநல ஆலோசகர் முடிவு செய்கிறார். ஷெர்லாக்கின் அண்ணன் மைக்ராஃப்ட் வாட்சனின் கையைப் பார்த்துவிட்டு நேர்மாறாகச் சொல்கிறார்: ஆபத்து வந்தால் உன் நடுக்கம் நின்றுவிடுகிறது, நீ போருக்காக ஏங்குகிறாய். நல்ல திருப்பம் இது. போரிலிருந்து திரும்பியவர்களில் சிலருக்கு அமைதிதான் தாங்கமுடியாதது என்ற கசப்பான உண்மை அதில் இருக்கிறது. ஆனால் முதல் கதை முடிவதற்குள் நொண்டல் போய்விடுகிறது, பிறகு அந்த வடுவைத் தொடர் பெரிதாகச் சுமக்கவில்லை. என் சோதனையில் இதற்குப் பாதி மதிப்பெண்தான்.

அமெரிக்கப் பக்கம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வியட்நாம் வீரரான தனியார் துப்பறிவாளரைக் கொண்ட 'மேக்னம் பி.ஐ.' 1980 டிசம்பரில் தொடங்கியது. போரின் மனவடு இன்று நாம் சொல்லும் பி.டி.எஸ்.டி. என்ற பெயரோடு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றதும் அதே 1980இல்தான். ஹவாய் வெயில், சிவப்பு ஃபெராரி என்று போகும் ஒரு குதூகலத் தொடர் நடுநடுவே வியட்நாமுக்குத் திரும்பிப்போனது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். அதுவரை திரையில் வியட்நாம் வீரர் என்றால் பெரும்பாலும் கிறுக்கு பிடித்த கொலையாளியாகத்தான் வருவார்.

மறுபடி ஃபாயிலுக்கே வருகிறேன். 2008இல் வந்த 'ப்ரோக்கன் சோல்ஸ்' கதையைக் கட்டாயம் பாருங்கள், ஆனால் வரிசைப்படி அங்கே போய்ச் சேருங்கள். 1944 அக்டோபர். மனம் சிதைந்த வீரர்களுக்கான சிகிச்சை இல்லம் ஒன்றில் கொலை நடக்கிறது. அங்கே நோவாக் என்று ஒரு போலந்து யூத மருத்துவர். பகலெல்லாம் மற்றவர்களின் பயத்தைக் கேட்டுக் குறிப்பெழுதுகிறார். அவருடைய குடும்பம் போலந்தில். அந்த ஆண்டு ஜூலையில்தான் சோவியத் படை அங்கிருந்த நாஜிகளின் மைதானெக் வதை முகாமுக்குள் நுழைந்திருந்தது. அங்கே கண்டது இங்கிலாந்தின் திரையரங்குச் செய்திப்படங்களில் வரத் தொடங்குகிறது. குணப்படுத்துபவருக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை அந்தக் கதை விசாரணையின் நடுவில் கொண்டுவந்து வைக்கிறது. அதே கதையில் இன்னொரு இழையும் உண்டு. ஜெர்மனியில் ஆண்டுக்கணக்கில் கைதியாக இருந்த ஒருவர் வீடு திரும்புகிறார். அவருடைய பண்ணையில் வேலை செய்துகொண்டிருப்பது ஒரு ஜெர்மானியக் கைதி. அவருடைய பிள்ளைக்குப் பழகிய முகம் அந்த ஜெர்மானியருடையதுதான்.

இப்போது நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து அடுத்த கதைக்குப் போகும்போது கொலையை ஒரு கண்ணால் பாருங்கள் போதும். இன்னொரு கண் மில்னர் மேல் இருக்கட்டும். ஸ்பென்சர் பேசப் பேச அவர் முகத்தில் ஒரு நிம்மதி வருவதையும், அதை ஃபாயில் எப்போது கண்டுகொள்கிறார், கண்டுகொண்ட பிறகு என்ன கேட்காமல் விடுகிறார் என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.